பெயின்ட் டப்பாவைக் கீழ வை, தம்பி!

கிடப்புல கிடந்த போட்டை எடுக்கிறவங்க முதல்ல பெயின்ட் கடைக்குப் போறாங்க, ரெண்டாவது மெக்கானிக்கைத் தேடிப் போறாங்க, மூணாவதாத்தான் போட்டைக் குனிஞ்சு பார்க்கிறாங்க. நீயும் போன்ல "அக்கா, நீலம் நல்லா இருக்குமா, பச்சையா"ன்னுதான் ஆரம்பிச்ச. கலர் கடைசி வேலை. அதுலயும் உன் இஷ்டம் பாதிதான், அதைப் பிறகு சொல்றேன். அத்தானோட பட்டறைக்கு வர்ற பழைய ஃபைபர் போட்டுகளுக்கு ரெசின் கலக்கிக் கொடுத்துக் கொடுத்து எனக்குப் புரிஞ்சது இதுதான்: தண்ணி எங்க போய் உட்கார்ந்திருக்குன்னு கண்டுபிடிச்சா பாதி வேலை முடிஞ்சுது. கடல் தண்ணியைச் சொல்லல. மழைத் தண்ணி.

ஃபைபர் துருப்பிடிக்காது, உளுத்துப் போகாது. ஆனா அதுக்குள்ள மரம் இருக்கு. இன்ஜின் மாட்டுற பின்பலகை, உள்ளே நீளவாக்குல ஓடுற ரிப்பு, உட்கார்ற பலகைக்கு அடியில இருக்கிற கட்டை, இதெல்லாம் பெரும்பாலும் பிளைவுட்டோ மரமோ வச்சு மேல ஃபைபர் போர்த்தினதுதான். தினம் தொழிலுக்குப் போற போட்டுல உப்புத் தண்ணி படும், வடியும், காயும். உப்பு மரம் அழுகுறதைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். கரையில கேட்பாரில்லாம கிடக்கிற போட்டுலதான் ஐப்பசி, கார்த்திகை மழை தேங்கி நிக்கும். மரத்தை அழுக வைக்கிற பூஞ்சைக்கு நல்ல தண்ணிதான் வேணும். பழைய போல்ட் ஓட்டை ஒண்ணு அடைக்காம இருந்தாப் போதும், அது வழியா உள்ளே இறங்கி, வெளியே வர வழியில்லாம, வருஷக்கணக்கா அந்தப் பலகையை ஊற வச்சுரும். வெளியே பார்த்தா பளபளன்னு ஃபைபர், உள்ளே கருப்புத் தூள்.

நீ எடுக்கப்போற சித்தப்பாவோட போட்டு சுனாமிக்குப் பிறகு வந்தது. 2004 டிசம்பர் 26க்கு அப்புறம் நம்ம கிழக்குக் கரையில ஃபைபர் போட்டுகள் கொத்துக் கொத்தா வந்து இறங்குச்சு. அருமையா கட்டினதும் உண்டு, அவசரத்துல ஃபைபர் இழைப் பாயை, அதான் மேட்டை, குறைச்சு ரெசினை ஊத்தி ஒப்பேத்தினதும் உண்டு. பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுதான். அதனால "அந்த வருஷத்துப் போட்டுன்னா அப்படித்தான்"னு யாராவது பொதுவா தீர்ப்புச் சொன்னா தலையை ஆட்டிட்டு நகர்ந்துரு. தட்டிப் பார்க்காம எந்த போட்டைப் பத்தியும் பேச முடியாது.

தட்டுறதுக்கு முன்னாடி காகிதத்தைப் பார். மீன்பிடிப் படகு எதுவா இருந்தாலும் 1983-ஆம் வருஷத்துக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி மீன்வளத் துறையில பதிவு இருக்கணும். போட்டுல எழுதியிருக்கிற நம்பரும் புத்தகத்துல இருக்கிற நம்பரும் ஒண்ணா? இன்ஜின்ல பொறிச்ச நம்பர் பில்லோட ஒத்துப்போகுதா? சித்தப்பா பேர்ல இருந்து உன் பேருக்கு மாத்த என்ன கேட்பாங்கன்னு ஆபீஸ்ல விசாரிச்சுட்டு வா. சொந்தக்காரங்களுக்குள்ள காகிதம் எதுக்குன்னு நினைக்காதே. போட்டு கிடப்புல கிடக்கிற வரைக்கும்தான் அது யாருக்கும் வேண்டாத பொருள். நீ புதுசாக்கி நிறுத்தின மறுநாள் பங்குக்கு ஆள் வரும்.

தட்டு, தள்ளு, துளை

இப்ப போட்டுக்கு வா. அணியத்தைத் தூக்கிக் கட்டை வச்சு, பின்பக்கம் தாழ இருக்கிற மாதிரி நிறுத்து. வடிகால் திருகைக் கழட்டிரு. உள்ளே கிடக்கிற மணல், கிழிஞ்ச வலை, தெர்மகோல் எல்லாத்தையும் அள்ளு. கையை நேரா உள்ளே விடாதே, முதல்ல குச்சியை விடு. வருஷக்கணக்கா நிழலா கிடந்த இடத்துல பூரானும் பாம்பும் குடியிருக்கும். அப்புறம் நல்ல தண்ணியில கழுவிக் காய விட்டு, மரக்கைப்பிடி வச்ச சின்னச் சுத்தியலோட உட்கார்.

பின்பலகையில ஆரம்பி. சுத்தியலோட பிடிப்பக்கத்தால விரக்கடை விரக்கடையாத் தட்டு. நல்ல இடம் 'டக் டக்'னு கணீர்னு கேட்கும். ஃபைபரும் மரமும் பிரிஞ்ச இடம், மரம் அழுகின இடம் 'தொப் தொப்'னு செத்த சத்தம் கொடுக்கும். செத்த சத்தம் கேட்கிற இடத்தையெல்லாம் சாக்பீஸால சுத்திக் கோடு போட்டுக்கிட்டே போ. முடிச்சுட்டு நாலடி தள்ளி நின்னு பார்த்தா, தண்ணி எங்கே இறங்கி எப்படிப் பரவியிருக்குன்னு படமே கிடைச்சுரும். பெரும்பாலும் இன்ஜின் போல்ட் ஓட்டையில ஆரம்பிச்சு, கீழே விரிஞ்சிருக்கும்.

அடுத்து, இன்ஜின் மாட்டியிருந்தா அதோட கீழ்க் காலைப் பிடிச்சு மேலும் கீழும் அழுத்தி ஆட்டு. தங்கச்சி மாப்பிள்ளையை உள்ளே நின்னு பின்பலகையைக் கவனிக்கச் சொல்லு. பலகை இன்ஜினோட சேர்ந்து அசைஞ்சா, மூலையில வெடிப்பு திறந்து மூடினா, பலகை போச்சு. கடைசியா சந்தேகம் தீர, சாக்பீஸ் கோட்டுக்குள்ள உள்பக்கமா ஒரு சின்னத் துளை போடு. வெளித்தோல் வரைக்கும் போகாதே. துளைப்பான்ல சுத்திக்கிட்டு வர்ற தூள் வெளுப்பா, காய்ஞ்சு வந்தா நல்ல மரம். கருப்பா, ஈரமா, புளிச்ச வாடையோட வந்தா வேற பேச்சே இல்ல. துளையை அன்னைக்கே ரெசின் வச்சு அடைச்சுரு, அதுவே அடுத்த மழைக்கு வாசலாயிடக் கூடாது.

இதே மாதிரி ரிப்புகளையும் தட்டு. அடித்தளத்துல நின்னு மெதுவா குதிச்சுப் பார். கால் கீழ தோல் அமுங்கி எழும்பினா ரிப்பு பிடி விட்டிருக்குன்னு அர்த்தம்.

வெடிப்புல ரெண்டு ஜாதி. மேல்பூச்சான ஜெல் கோட்ல மட்டும் மயிரிழை மயிரிழையா ஓடுறது வெயிலும் வயசும் பண்ணின வேலை, பயப்பட வேண்டாம். சுரண்டினா உள்ளே ஃபைபர் இழை வெள்ளையாத் தெரியுற வெடிப்பு, அடி வாங்கின வெடிப்பு. ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க, பேனா மையைத் தண்ணியில கரைச்சுத் தடவித் துடைச்சுரு. ஆழமான வெடிப்பு மையைக் குடிச்சு வச்சிருக்கும். பெயின்ட் அடிக்காத இடத்துல, இருட்டினதும் உள்ளே டார்ச் அடிச்சு வெளியே இருந்து பார்க்கிறதும் நல்ல வழி. நல்லா கட்டின ஃபைபர்ல வெளிச்சம் ஒரே சீரா கசியும், காத்துக்குமிழும் ஒட்டுப்போட்ட இடமும் திட்டுத் திட்டாக் காட்டிக் கொடுத்துரும். ஒழுக்கு பார்க்க உள்ளே தண்ணி விடலாம், ஆனா கணுக்கால் அளவு கூட வேண்டாம், ரெண்டு மூணு அங்குலம் போதும். ஒரு லிட்டர் ஒரு கிலோ. கட்டை மேல நிக்கிற போட்டுல நிறைய தண்ணி ஊத்தினா ஒழுக்கைத் தேடப் போய் முதுகை உடைச்ச கதையாயிடும்.

மிதவைக்காக மூடி வச்சிருக்கிற அறைகளை மறந்துராதே. அதுக்குள்ள தெர்மகோலோ ஃபோமோ அடைச்சிருப்பாங்க. அடியில ஒரு துளை போட்டுப் பார், தண்ணி ஒழுகினா ஃபோம் ஊறிப்போச்சு. ஊறின ஃபோம் லேசுல காயாது. வெட்டி எடுத்துட்டுப் புதுசு வைக்கணும். "போன தடவை நாலு பேர் தூக்கினோம், இப்ப எட்டுப் பேருக்கும் அசைய மாட்டேங்குது"ன்னு சொல்ற போட்டுல எல்லாம் இந்த வியாதிதான்.

இவ்வளவும் பார்த்த பிறகு ஒரு நாள் சும்மா இரு. பின்பலகை மட்டும் போயிருந்தா தாராளமா எடு. ரெண்டொரு ரிப்பும் சேர்ந்து போயிருந்தாலும் எடுக்கலாம், கூலியைக் கணக்குப் பண்ணிக்கோ. அடித்தோல் அமுங்குது, ரிப்பு பூரா போச்சு, அணியத்துல இருந்து பின்பக்கம் வரைக்கும் நூல் பிடிச்சா அடி நேரா இல்லாம வளைஞ்சிருக்குன்னா, சித்தப்பா முகத்துக்காக அதைத் தூக்கிக்கிட்டு அலையாதே. இன்ஜினையும் நல்ல சாமானையும் கழட்டி வச்சுக்கிட்டு வேற பழைய போட்டு பார். கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்.

எப்ப செய்யணும்

ரெசின் வேலைக்கு ஈரம் ஆகாது, கொதிக்கிற வெயிலும் ஆகாது. வாடைக்காத்தும் மழையும் ஓய்ஞ்சு, பொங்கல் கழிஞ்சதுல இருந்து பங்குனி வரைக்கும் நம்ம ஊருக்கு நல்ல காலம். அதுக்குப் பிறகு தள்ளினா ரெண்டு வம்பு. சித்திரை வெயில்ல கலக்கின ரெசின் தடவுறதுக்குள்ள டப்பாவுலயே இறுகிரும். இன்னொண்ணு, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் கிழக்குக் கரையில விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாள்ல ஊர்ல உள்ள தச்சர், ஃபைபர் ஆள், மெக்கானிக் எல்லாரும் பெரிய போட்டுகளோட மராமத்துல இருப்பாங்க. உன் சின்ன போட்டுக்கு "நாளைக்கு வர்றேன்"தான் கிடைக்கும்.

காய விடுறதுக்கு அவசரப்படாதே. தார்ப்பாயைப் போட்டோட சேர்த்து இறுக்கிக் கட்டினா உள்ளே வேர்த்து இன்னும் ஊறும். மேல பந்தல் மாதிரி கட்டி, ரெண்டு பக்கமும் காத்து ஓட விடு. ஈர மரத்து மேல ரெசின் பிடிக்கவே பிடிக்காது. பிடிச்ச மாதிரி இருக்கும், முதல் அலையில பிரிஞ்சு வரும்.

பின்பலகை மாத்துறது

வெட்டுறதுக்கு முன்னாடி மூணு காரியம். ஒண்ணு, பெரிய அட்டையில பின்பலகையோட வடிவத்தை அச்சு எடுத்துக்கோ, சாய்மானத்தையும் குறிச்சுக்கோ. பலகை நேர் செங்குத்தா இருக்காது, வெளிப்பக்கமா சாஞ்சிருக்கும். அந்தச் சாய்வு மாறினா இன்ஜின் நிக்கிற கோணமே மாறிப்போகும். ரெண்டு, பின்பக்கம் ரெண்டு விளிம்பையும் சேர்த்துக் குறுக்கே ஒரு சட்டம் அடிச்சு வை. பலகையை எடுத்ததும் போட்டோட ரெண்டு பக்கமும் விரிய ஆரம்பிச்சுரும், பிறகு புதுப் பலகை எந்தப் பக்கமும் சேராது. மூணு, மேல்விளிம்புல இருந்து அடி வரைக்கும் உயரத்தை அளந்து எழுது. அவுட்போர்டு இன்ஜின் குட்டைக் காலுக்கு 15 அங்குலம், நெட்டைக் காலுக்கு 20 அங்குலம்னு கணக்கு. உன் இன்ஜின் எதுன்னு பார்த்துட்டு அதுக்குத் தக்கபடி உயரம் வை.

உள்பக்கத் தோலை வெட்டி எடு, வெளித்தோலை அப்படியே விட்டுரு. அதுதான் உனக்கு அச்சு. அழுகின மரத்தை உளியால நோண்டி, வெளித்தோல் சுத்தமாத் தெரியுற வரைக்கும் எடு. ஓரத்துல "இது கொஞ்சம் நல்லாத்தானே இருக்கு"ன்னு எதையும் மிச்சம் வைக்காதே. பூஞ்சை அங்கதான் இருக்கும்.

பலகைக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டை மட்டும் வாங்கு. கடையில "இதுவும் வாட்டர் புரூஃப்தான்"னு ஐ.எஸ். 303 பலகையை நீட்டுவாங்க, அது வீட்டுச் சாமானுக்கு. முத்திரை மேலயும் நம்பிக்கை இல்லைன்னா, ஒரு துண்டை வெட்டி வாங்கிட்டு வந்து அரை நாள் தண்ணியில கொதிக்க வை. அடுக்கு பிரிஞ்சா அந்தக் கடைப் பக்கமே போகாதே. பழைய பலகை என்ன கனமோ அதே கனம் வரணும். ரெண்டு பலகையை ரெசினும் மேட்டும் வச்சு ஒட்டி, கனம் சேர்த்துக்கலாம். பலகையோட வெட்டு ஓரங்கள்தான் தண்ணி குடிக்கிற வாய். அதுக்கு முதல்ல வெறும் ரெசினைத் தடவி, குடிக்கிற மட்டும் குடிக்க விட்டு, திரும்பத் தடவு.

பிறகு பலகையை வெளித்தோலோட ஒட்டு. நடுவுல ஒரு அடுக்கு மேட்டு, அதுல ரெசின் நல்லா ஊறியிருக்கணும். போல்ட் போட்டு இறுக்கும்போது நாலு ஓரத்துலயும் ரெசின் பிதுங்கி வரணும். பிதுங்காத ஓரம் வெத்திடம். உள் மூலைகளை, ரெசின்ல பொடி கலந்து பஜ்ஜி மாவு பதத்துக்குக் குழைச்சு, விரலால வளைவா பூசிக்கோ. ஃபைபர் மேட்டு செங்கோண மூலையில படியாது, தூக்கிக்கிட்டு நிக்கும். வளைவு மேல மேட்டு, துணி மாதிரி நெய்த ரோவிங், மேட்டுன்னு மாத்தி மாத்திப் போட்டு, அதைப் பக்கச் சுவர்லயும் அடியிலயும் ஓட விடு. ரெண்டு ரோவிங்குக்கு நடுவுல மேட்டு இல்லாம போடாதே, ஒண்ணோட ஒண்ணு பிடிக்காது.

இன்ஜின் போல்ட் ஓட்டை போடுறதுல ஒரு சின்ன வித்தை இருக்கு. பலகை இந்தக் கதிக்கு ஆனதே அந்த ஓட்டையாலதான், அதனால சோம்பல் படாம செய். தேவையைவிடப் பெருசா ஓட்டை போடு. அதை ரெசின் பசையால முழுசா அடைச்சு, இறுகினதும் அதோட நடுவுல சரியான அளவு ஓட்டை போடு. இப்ப போல்ட்டைச் சுத்தி ரெசின்தான் இருக்கும், மரமே தெரியாது. என்னைக்காவது சீலன்ட் விட்டுப்போனாலும் தண்ணி மரத்தைத் தொடாது. சீலன்ட்டும் பாத்ரூமுக்குப் போடுற சிலிக்கான் வேண்டாம், பாலியூரித்தேன் வாங்கு. போல்ட்டு 316 ஸ்டெயின்லெஸ். காந்தம் ஒட்டலைன்னா 316ன்னு கடைக்காரர் சொல்வார். 304லயும்தான் காந்தம் ஒட்டாது, அதை வச்சு முடிவு பண்ணாதே. பில்லுல எழுதி வாங்கு.

ரெசின் விளையாட்டுப் பொருள் இல்ல

இந்த இடத்தை மட்டும் ரெண்டு தடவை படி.

ரெசினோட ரெண்டு சாமான் வரும். ஒண்ணு ஊதா நிறத்துல கோபால்ட், அதுதான் ஆக்சிலரேட்டர். இன்னொண்ணு தண்ணி மாதிரி இருக்கிற கேட்டலிஸ்ட், சில கடையில ஹார்ட்னர்னு சொல்வாங்க. இந்த ரெண்டையும் ஒண்ணோட ஒண்ணு நேரா கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கும். ஒரே அளவு மூடியை ரெண்டுக்கும் மாத்தி மாத்திப் பயன்படுத்துறதும் கூடாது. கோபால்ட்டை முதல்ல ரெசின்ல போட்டு நல்லா கலக்கணும், பிறகுதான் கேட்டலிஸ்ட். கடையிலயே கோபால்ட் கலந்து கொடுக்கிற ரெசினும் இருக்கு, கேட்டு வாங்கு. கேட்டலிஸ்ட் கண்ணுல தெறிச்சா பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி போடாம டப்பாவைத் திறக்காதே. தெறிச்சா அந்த நிமிஷமே ஓடுற தண்ணியில கால் மணி நேரம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ. ரெண்டையும் தனித்தனி இடத்துல, நிழல்ல, பிள்ளைங்க கைக்கு எட்டாம வை.

அளவு: ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி கேட்டலிஸ்ட். நம்ம வெயிலுக்கு 10 பக்கம்தான் நிக்கணும். சீக்கிரம் காயட்டும்னு கூட ஊத்தினா சூடேறி, சுருங்கி, வெடிச்சு நிக்கும். குறைச்சா நாள் கணக்கா பிசுபிசுன்னு இருக்கும். ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல கலக்காதே. மிஞ்சின ரெசினை ஆழமான டப்பாவுல விட்டு வச்சா தானே சூடாகிப் புகையும். தகரத்துல பரப்பி ஊத்தி, வெட்டவெளியில ஆற விடு. பக்கத்துல பீடி, சிகரெட் யார் கையிலயும் இருக்கக் கூடாது. உன் சிநேகிதன் ஒருத்தன் இருக்கானே, அவனை அன்னைக்கு மட்டும் வர வேண்டாம்னு சொல்லிரு.

கடல்ல ஓடுற போட்டுக்கு ஐசோ ரெசின்தான் தண்ணியைத் தாங்கும். சாதா ஜி.பி. ரெசின் விலை குறைவு, ஆனா அடித்தோலுக்கு அது வேண்டாம். வெடிப்பை ஒட்டும்போது மேல மட்டும் பட்டை போடுறது பட்டை இல்ல, அலங்காரம். வெடிப்பை 'வி' மாதிரி வெட்டித் திறந்து, சுத்தி சரிவாத் தேய்ச்சு எடு. தோல் ஒரு மில்லிமீட்டர் கனம்னா 12 மில்லிமீட்டர் தூரத்துக்குச் சரிவு. அஞ்சு மில்லிமீட்டர்னா ஒவ்வொரு பக்கமும் ஆறு சென்டிமீட்டர். அவ்வளவு தேய்ச்சாத்தான் புதுசு பழசைப் பிடிக்கும். பெயின்ட் மேலயோ ஜெல் கோட் மேலயோ மேட்டு போடாதே. அசிட்டோன்ல துடைச்சு, காய விட்டு, பிறகு போடு. மேட்டுல ரெசின் ஊறினா வெள்ளை மறைஞ்சு கண்ணாடியாத் தெரியும். எங்க வெள்ளைப் புள்ளி நிக்குதோ அங்க காத்து, ரோலரால தள்ளி வெளியேத்து. இன்னொண்ணு, தெர்மகோல் மேல ரெசின் பட்டா உருகிக் காணாமப் போயிடும். மிதவை அறையை மூடும்போது நடுவுல பிளாஸ்டிக் ஷீட் வை.

தேய்க்கும்போது முழுக்கைச் சட்டை, நல்ல முகக்கவசம். கைக்குட்டை கட்டினா போதும்னு நினைக்காதே. வேலை முடிஞ்சதும் பச்சைத் தண்ணியில குளி, அந்தத் துணியை வீட்டுத் துணியோட ஊறப் போடாதே. பிள்ளைங்க உடம்பெல்லாம் அரிக்கும், அம்மா என்னைத் திட்டுவாங்க.

இன்ஜின்

நாகை, கடலூர் பக்கம் நீள வால் டீசல் இன்ஜின் அதிகம். உன்னோடது அவுட்போர்டு, டூ ஸ்ட்ரோக். நான் அதைத்தான் சொல்றேன்.

பார்த்ததும் கயித்தை இழுக்கத் தோணும். இழுக்காதே. பிளக்கைக் கழட்டி, ஓட்டை வழியா கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு ராத்திரி விடு. மறுநாள் மேல இருக்கிற ஃபிளைவீலைக் கையால மெதுவா சுத்து. சுத்தினா நிம்மதி. சுத்தலைன்னா திரும்ப ஆயில் விட்டுப் பொறுமையா இரு, சுத்தியலைத் தொடாதே. கடல்ல முழுகி, கழுவாம அப்படியே வச்ச இன்ஜின்னு தெரிஞ்சா அதுல காசைப் போடாதே.

சுத்துதுன்னா அடுத்து கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லு. ரெண்டு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒண்ணா காட்டணும். பிறகு கீழ்க் கால்ல இருக்கிற கியர் ஆயிலை வடி. பால் மாதிரி வந்தா தண்ணி போகுது, சீல் மாத்தணும். இரும்புத் துகள் மினுங்கினா கியரே தேய்ஞ்சிருக்கு. புது ஆயிலைக் கீழ்த் திருகு ஓட்டை வழியா ஏத்து, மேல் ஓட்டையில வழியுற வரைக்கும். மேல இருந்து ஊத்தினா நடுவுல காத்து நிக்கும். சீல் ஏன் போகுதுன்னு தெரியணும்னா புரொப்பல்லரைக் கழட்டிப் பார். அதுக்குப் பின்னாடி தண்டுல தங்கூசி நரம்பு சுத்தி, சூட்டுல உருகி, சீலை அறுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கும். ஓடுற போட்டுலயும் இதை அடிக்கடி பார்க்கணும், நம்மாளுங்க யாரும் பார்க்கிறதில்ல.

தண்ணி பம்புல ரப்பர் இம்பெல்லர் இருக்கு. சின்னச் சாமான், ஆனா இன்ஜினோட உயிர். ஓடாம கிடந்தா அதோட இதழ்கள் ஒரே பக்கம் வளைஞ்சு விறைச்சிருக்கும். நல்லா இருக்குன்னு தோணினாலும் மாத்திரு. இன்ஜினைத் தண்ணி இல்லாம ஒரு நிமிஷம்கூட ஓட்டாதே. பெரிய டிரம்ல, கீழ்க் கால்ல நீட்டிக்கிட்டு இருக்கிற தட்டு முழுகுற அளவு தண்ணி வச்சு ஓட்டு. பின்பக்கச் சின்னக் குழாய்ல தண்ணி பீய்ச்சணும். பீய்ச்சலைன்னா உடனே அணை. பாதி நேரம் அந்தக் குழாய் வாயிலயே உப்பு அடைச்சிருக்கும், மெல்லிய கம்பியால குத்திப் பார்த்துட்டு அப்புறம் பயப்படு.

டேங்க்ல கிடக்கிற பழைய பெட்ரோலை அப்படியே வடிச்சுரு. கார்புரேட்டர் பிரிச்சு, ஜெட் ஓட்டைகளைச் சுத்தம் பண்ணணும். பழைய பெட்ரோல் கோந்து மாதிரி அடைச்சிருக்கும். இப்ப பங்குல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால் இருக்கு. அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும், அந்தக் காலத்து ரப்பர் குழாய்களுக்கும் ஒத்துக்காது. அதனால குழாய், பம்பு டயாபிரம் எல்லாத்தையும் புதுசா மாத்து. பெட்ரோலையும் அன்னன்னைக்குத் தேவைக்கு வாங்கு.

ஆயில் கலக்குறதுக்கு இன்ஜினோட புத்தகம் என்ன சொல்லுதோ அதான் சட்டம். 50க்கு ஒண்ணுன்னா லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு ஒண்ணுன்னா 40. டி.சி.-டபிள்யூ3ன்னு போட்ட அவுட்போர்டு ஆயிலை வாங்கு. பைக்குக்கு ஊத்துற ஆயில் காத்துல குளிர்ற இன்ஜினுக்கானது. மண்ணெண்ணெய்ல ஓடுற மாடலா இருந்தா, பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாத்து, கரைக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி திரும்பப் பெட்ரோலுக்கு வந்துரு. கார்புரேட்டர்ல மண்ணெண்ணெய் நின்னா மறுநாள் கயிறு இழுத்தே தோள் இறங்கிரும்.

இன்ஜினைப் பலகையில ஏத்தும்போது, நான் சொன்ன அந்தத் தட்டு போட்டோட அடிமட்டத்துக்கு நேரா, இல்லைன்னா ஒரு அங்குலம் கீழே இருக்கணும். மேலே நின்னா புரொப்பல்லர் காத்தைக் கடிக்கும், ரொம்பக் கீழே போனா போட்டு இழுக்காது. கீழ்க் கால்ல ஒட்டியிருக்கிற சாம்பல் நிறக் கட்டி அனோடு. இன்ஜினை உப்பு அரிக்காம தான் கரையுறதுதான் அதோட வேலை. பாதி கரைஞ்சிருந்தா மாத்து. அது மேல பெயின்ட் மட்டும் அடிச்சுராதே.

இப்ப கலர்

ஒவ்வொரு கடலோர மாநிலத்துப் படகுக்கும் தனி நிறம்னு ஒதுக்கியிருக்காங்க, தூரத்துல பார்த்தாலே எந்த ஊர் போட்டுன்னு காவல் படைக்குத் தெரியணும்னு. மீன்வளத் துறை ஆபீஸ்ல கேட்டுட்டு அதையே அடி. பதிவு நம்பரைப் பளிச்சுன்னு எழுது. அடியில கொட்டலசு பிடிக்காம இருக்கத் தனி பெயின்ட் உண்டு. தினம் கரையேத்துற போட்டுக்கு அது வீண் செலவு, முகத்துவாரத்துல நிறுத்திப் போடுற போட்டுக்குத்தான் தேவை. செம்பு கலந்த அந்தப் பெயின்ட் இன்ஜினோட அலுமினியத்துல பட்டா அரிச்சுரும், கவனம்.

முதல் ஓட்டம்

முதல் ஓட்டத்துக்கு வலை ஏத்தாதே, சின்னப் பிள்ளைங்களையும் ஏத்தாதே. கச்சான் அடிக்கிற நாளா இருந்தா இன்னொரு நாள் பார்த்துக்கலாம், கரைக்காத்து வெளியே தள்ளிக்கிட்டுப் போகும்போது இன்ஜின் நின்னா கதை வேற. கூட இன்னொரு போட்டு வரணும், கரை கண்ணுல படுற தூரத்துலயே சுத்தணும். துடுப்பு, நங்கூரம், கயிறு, தண்ணி இறைக்க வாளி, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், ரெண்டு பிளக், பிளக் ஸ்பேனர், சின்ன இன்ஜினா இருந்தா புரொப்பல்லர் முள்ளு ஒண்ணுக்கு ரெண்டு. கடலோரக் காவல் படையோட 1554 நம்பர் எல்லார் போன்லயும் இருக்கட்டும். அரை வேகத்துலயே ஓட்டு. பின்பலகை மூலையில கை வச்சுப் பார்த்துக்கிட்டே இரு, ஒருத்தர் அடித்தளத்துல தண்ணி சேருதான்னு பார்க்கணும்.

கரைக்கு வந்ததும் இன்ஜினை நல்ல தண்ணி டிரம்ல அஞ்சு, பத்து நிமிஷம் ஓட்டி உப்பைக் கழுவு. வடிகால் திருகைக் கழட்டி, அணியத்தை ஏத்தி நிறுத்து. பத்து மணி நேர ஓட்டம் ஆனதும் கியர் ஆயிலை இன்னொரு தடவை வடிச்சுப் பார், என்ன நிறத்துல வந்துதுன்னு எனக்குப் போன் பண்ணு. பால் மாதிரி வந்தா அத்தானை அனுப்பி வைக்கிறேன். அவரு வந்தா ரெண்டு நாள் தங்குவார், மீன்குழம்புக்கு ஏற்பாடு பண்ணிக்கோ.